பத்தாம் நாளுக்குப் பிறகு

வந்தாறுமூலையில்
மின்விசிறி நிறுத்திய அறை இது.
காற்றுப் பட்டால் வடிதாள் காய்ந்துவிடும்.
நானும் இரண்டாயிரம் விதைகளும்
ஒரே புழுக்கத்தில் இருக்கிறோம்.

எண்பது கிண்ணம், கிண்ணத்துக்கு இருபத்தைந்து.
தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி.
மூடிகளில் என் கையெழுத்து:
பூச்சியம், ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு.
அதெல்லாம் உப்பு.

முளைவேர் இரண்டு மில்லிமீற்றர் வந்தால்
முளைத்தது.
ஒன்றரை என்றால் முளைக்கவில்லை.
அடிமட்டத்தை வைத்துக்கொண்டு
ஒன்றரையின் முகத்தை நான் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாளே பூச்சியத்தில் வெண்டி
வால் விட்டுவிட்டது.
ஐம்பதில் ஒரு நாள் சுணக்கம்.
நூறில் தக்காளி
தோலைக் கொஞ்சம் கீறிப் பார்த்துவிட்டு
யோசித்து நிற்கிறது.
இருநூறில் எல்லாம்
நனைந்த கல்.

தண்ணீர் இல்லாமல் இல்லை.
விதையைச் சுற்றித் தண்ணீர்தான்.
உப்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டு
உள்ளே போக விடாமல் நிற்கிறது.
பிரசாரணம் என்று படித்தோம்.
பாலமீன்மடுவில் வாவியைப் பார்த்தபடி
பவுசருக்குக் குடம் அடுக்கிவிட்டு நிற்போமே,
அதுதான்.

ஆறாம் நாள், பனிச்சங்கேணியிலிருந்து
நெக்டோ போத்தலில் கிணற்றுத் தண்ணீரோடு
நேசமலர் வந்தாள்.
இரண்டு பஸ் மாறி வந்தும்
மூடியை இறுக்கிப் பிடித்த கை இன்னும் விடவில்லை.

மானியை இறக்கினேன். ஏழு தசம் நாலு.
“அது கூடவா கா?”
கூட.
“எவ்வளவு கூட?”
சொன்னேன்.
லோன்காரன் வட்டி சொல்லும்போது ஆட்டுவது போல
தலையை ஆட்டினாள்.

மூன்று தரம் வெண்டி போட்டாளாம்.
மூன்று தரமும் பாத்தி மொட்டை.
பழைய விதையை வித்துப்போட்டாய் என்று
ஓட்டமாவடியில் றம்ளானின் கடை வாசலில் நின்று
ஊர் கூடக் கத்தினாளாம்.
அவன் ஒன்றும் பேசாமல்
அதே பக்கெட்டில் பத்து விதை எடுத்து
ஈரச்சீலையில் முடிந்து வைத்தானாம்.
பத்தும் முளைத்தது.
“குழாய்த் தண்ணி,” என்றாள்.
“கத்தின வாய இனி எங்க கா கொண்டு வைக்கிற?”

அவளுக்கு மண்ணைப் பற்றியும் சொன்னேன்.
வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு
உப்பை மேலே விட்டுப் போகும்,
சரியாக விதை கிடக்கிற அந்த அரை அங்குலத்தில்.
போத்தலை யன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் எண்ணி முடிந்தது.
ஆராய்ச்சிக்காரப் பொடியன் கோபிகாந்த்
அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.
இருநூறில் வெண்டி: பூச்சியம்.
கிண்ணம் கழுவுவது என் வேலை.

எழுபத்தொன்பதைக் கழுவினேன்.
கடைசிக் கிண்ணத்தை
வாளிக்கு மேலே கவிழ்க்கப் போய்,
கவிழ்க்கவில்லை.
காரணம் கேட்டால் அந்தப் போத்தலைத்தான் காட்டுவேன்.
விதைகளை அலசினேன்.
புது வடிதாள், உப்பில்லாத தண்ணீர்.
மூடியில் ஒன்றும் எழுதவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஒன்பது.
பதினாலாம் நாள் பதினாறு.
வளைந்து, மெலிந்து,
ஆனாலும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல்.
மிச்சம் ஒன்பதை நசித்துப் பார்த்தேன்.
பாலாய்ப் போயிருந்தன.
அவற்றையும் எண்ணினேன்.

அட்டவணையில்
பதினாலாம் நாளுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு
நேசமலருக்குக் கோல் எடுத்தேன்.

மாரி தொடங்கட்டும்,
முதல் இரண்டு மழை மண்ணைக் கழுவட்டும்,
பிறகு போடு கா.

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்தியது.
யாரோ வாளியை நிலத்தில் வைத்தார்கள்.

“அப்ப, போட்டது கிடக்கே மண்ணுக்க.
அது?”

ஒன்பதா பதினாறா,
எந்தக் கணக்கைச் சொல்ல.
கொத்திப் பார்த்துடாத, என்றேன்.